கார்த்தஹேனாவின் பழைய வீட்டில் தங்கப் போகிறீர்களா? முதலில் அறையைக் கேளுங்கள்

போன முறை கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில், ஒரு ஹோட்டலின் காலை உணவு மேசையில் எனக்கு எதிரே ஓர் இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் கண் சிவந்திருந்தது. கணவர் காப்பியில் மூன்றாம் முறையாகச் சர்க்கரை கொட்டிக்கொண்டிருந்தார். மனைவி வரவேற்பாளரைக் கூப்பிட்டு, வேறு அறை ஏதாவது இருக்கிறதா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "தெருவைப் பார்த்த பால்கனி வேண்டும் என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள்?" என்றார் வரவேற்பாளர், சிரித்த முகம் மாறாமல்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. பதினொரு ஆண்டுகளுக்கு முன்னால் அதே கேள்வியை அதே தாழ்ந்த குரலில் நானும் கேட்டிருக்கிறேன். இப்போது ஆண்டுக்கு ஒரு முறை ஏழெட்டுப் பேரை அங்கே அழைத்துப் போகிறேன். தனியாக வரும் புதியவர்கள் ஒவ்வொரு முறையும் என் பழைய முட்டாள்தனங்களை வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

கொசு மருந்து, தொப்பி, பயணக் காப்பீடு பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

ஹோட்டலைத் தேர்ந்தெடுத்துவிட்டு அறையை மறந்துவிடுவது

பெரிய ஹோட்டலில் 304க்கும் 504க்கும் இரண்டு மாடி உயரம்தான் வித்தியாசம். கார்த்தஹேனாவின் பூட்டிக் ஹோட்டல் அப்படிப்பட்டதல்ல. அது எட்டு, பத்து, அதிகம் போனால் இருபது அறைகள் கொண்ட பழைய வணிகர் வீடு. ஸ்பெயினின் கப்பல்கள் தென் அமெரிக்காவின் செல்வத்தை ஏற்றிச் சென்ற துறைமுகங்களில் இந்த நகரம் முக்கியமானது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களை இறக்கி விற்றதும் இங்கேதான். அந்த வணிகத்தில் கொழுத்தவர்கள் பழைய நகரைச் சுற்றிய கோட்டை மதிலுக்குள் மாடி வீடு கட்டினார்கள். தரைத்தளத்தில் கடையும் கிடங்கும். அதற்கு மேலே கூரை தாழ்ந்த ஓர் இடைத்தளம். அதற்கு எந்த்ரெசுவேலோ என்று பெயர். சரக்கு, கணக்கர்கள், வேலை செய்தவர்கள், அடிமைகள் எல்லாம் அங்கே. அதற்கும் மேலே, உத்தரம் எட்டாத உயரத்தில் இருக்கும் பெரிய கூடமும் மரப் பால்கனியும் முதலாளி குடும்பத்துக்கு.

வீட்டை ஹோட்டலாக்கியவர்கள் சுவருக்கு வண்ணம் அடித்தார்கள், குளிர்சாதனம் வைத்தார்கள், முற்றத்தில் நாலு பேர் நிற்கும் அளவுக்கு ஒரு குளம் வெட்டினார்கள். ஆனால் அன்று யார் எங்கே படுத்தார்களோ, அந்த ஏற்றத்தாழ்வை அவர்களால் அழிக்க முடியவில்லை. அது அறைகளில் அப்படியே இருக்கிறது. முதலாளியின் கூடத்துக்கு ஆசைப்பட்டுப் பணம் கட்டிவிட்டு, கணக்கரின் இடைத்தளத்தில் தலையைக் குனிந்து நடப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்: 'சுப்பீரியர் டபுள்'.

இனி என் கதை. ஹெத்செமனி பகுதியில் ஒரு ஹோட்டலின் படத்தைப் பார்த்து மயங்கினேன். நீலச் சுவர், பால்கனி முழுக்கக் காகிதப்பூ, அதன் அடியில் தொங்கும் விளக்கு. ஐந்து இரவுகள், ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற மலிவுக் கட்டணத்தில், முழுத் தொகையும் முன்கூட்டியே கட்டினேன். திரினிதாத் சதுக்கம் இரண்டு நிமிட நடை என்று எழுதியிருந்ததைப் பெரிய நன்மையாக எடுத்துக்கொண்டேன். இரண்டு நிமிட நடை என்றால் சதுக்கத்தின் சத்தம் நடக்காமலே நம்மிடம் வந்துவிடும் என்று தோன்றவில்லை.

அறைக்குள் நுழைந்தபோது தலையணையின் மேல் சிறிய துணிப் பை ஒன்று இருந்தது. மிட்டாய் என்று நினைத்தேன். பிரித்தால், காதில் வைக்கும் பஞ்சடைப்பான் ஒரு ஜோடி. இன்றுவரை என்னை எரிச்சல்படுத்துவது அந்தப் பைதான். அவர்களுக்குத் தெரியும். படம் எடுத்தவருக்குத் தெரியும், விளம்பரம் எழுதியவருக்குத் தெரியும், பையைத் தைத்துக் கொடுத்தவருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் பணம் கட்டிய பிறகு தலையணை மேல் வைத்துச் சொன்னார்கள்.

எட்டு மணிக்குச் சீவா வந்தது. பக்கவாட்டில் அடைப்பில்லாத, வண்ணம் பூசிய பழங்காலப் பஸ். உள்ளே சுற்றுலாப் பயணிகள், ரம், ஒரு வாத்தியக் குழு. ஒன்று போனதும் அடுத்தது. பத்து மணிக்கு மேல் சதுக்கத்தில் கூட்டம் சேர்ந்தது. நள்ளிரவுக்குப் பிறகு எங்கோ ஒரு பிக்கோ உயிர்த்தெழுந்தது. பிக்கோ என்பது ஆள் உயர ஒலிபெருக்கி அடுக்கு. அதில் அந்த ஊரின் நடன இசையான சம்பெத்தாவைப் போட்டால் காதுக்கு முன்னால் நெஞ்செலும்புக்குக் கேட்கும். மூன்று மணிக்கு ஓய்ந்தது. ஐந்து மணிக்குக் குப்பை வண்டி. பிறகு தேவாலய மணி.

குற்றம் அந்தத் தெருவுடையதல்ல, இதையும் சொல்ல வேண்டும். கைவினைஞர்களும் கூலிக்காரர்களும் வாழ்ந்த பகுதி ஹெத்செமனி. 1811இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை அறிவிக்கும்படி நகரத் தலைவர்களை நெருக்கியதே இந்தப் பகுதி மக்கள்தான். மாலையில் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்வது அவர்கள் வழக்கம். அவர்கள் வீட்டு வாசலுக்கு மேலே படுக்கை போட்டுக்கொண்டு அமைதியை எதிர்பார்த்தவன் நான்.

வீட்டின் அமைப்பும் கைகொடுக்காது. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நிறைந்த ஊர் என்பதால், கடற்காற்று உள்ளே வரும்படி கட்டிய வீடுகள் அவை. பால்கனிக் கதவு மரச் சட்டங்களால் ஆனது. பல வீடுகளில் கண்ணாடியே கிடையாது. பழைய நகரம் 1984 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. வீட்டு முகப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடமாட்டார்கள். எனவே உரிமையாளர் நினைத்தாலும் தடித்த கண்ணாடி ஜன்னலைச் சுலபமாகப் பொருத்த முடியாது. காற்றுக்கு விட்ட வழியில் பிக்கோவும் வரும்.

மறுநாள் அறை மாற்றித் தரச் சொன்னேன். காலியாக இருந்தது இடைத்தளத்து அறை ஒன்றுதான். சமையலறைக்கு நேர் மேலே. இரண்டாம் இரவை அங்கே ஓட்டினேன். மூன்றாம் நாள் சான் தியேகோ பகுதியில் வேறொரு வீட்டுக்குப் போய், முதலிலிருந்து பணம் கட்டினேன். கட்டிய ஐந்து இரவில் மூன்று இரவுக்கான பணம் போனது போனதுதான்.

அடுத்த பயணத்தில் புத்திசாலியாகிவிட்டதாக நினைத்து, உள்பக்கம் முற்றத்தைப் பார்த்த தரைத்தள அறையைக் கேட்டு வாங்கினேன். சத்தம் இல்லை. வெளிச்சமும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் முற்றத்தில் சாப்பிடுகிறவர் என் கட்டிலைப் பார்ப்பார். மூடினால் கிணற்றுக்குள் இருப்பது போல. ஒரு நாள் துவைத்த சட்டை நான்காம் நாளும் ஈரமாகவே இருந்தது. அதற்கடுத்த முறை மேல்மாடி. என் தலைக்கு மேலே மொட்டைமாடிக் குளமும் மதுக்கூடமும். இரவு பதினொன்று வரை இரும்பு நாற்காலிகளை இழுத்தார்கள்.

இப்போது பணம் கட்டுவதற்கு முன் ஹோட்டலுக்கு நேரடியாக எழுதுகிறேன். அறை எந்தத் தளம், ஜன்னல் எதைப் பார்க்கிறது, அது திறக்குமா, அதில் கண்ணாடி உண்டா, மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது, மாடிக்குப் போக மின்தூக்கி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். 'அழகான அறை' என்று பதில் வந்தால் அந்த ஹோட்டலை விட்டுவிடுவேன். '5ஆம் எண் அறை, இரண்டாம் தளம், முற்றத்தின் பின்பக்கம், வெள்ளிக்கிழமை சற்று சத்தம் இருக்கும்' என்று எழுதுகிறவர்களிடம் தங்குவேன். கிடைத்த அறை எண்ணை முன்பதிவில் எழுத்தில் சேர்க்கச் சொல்வேன். கடைசியாக ஒரு கேள்வி: தலையணை மேல் என்ன வைப்பீர்கள்?

காலை உணவு மேசையில் பார்த்த தம்பதிக்கு எந்த அறை மாற்றிக் கொடுத்தார்கள் என்பது மறுநாள் தெரிந்தது. கணவரின் நெற்றியில் நல்ல வீக்கம்.

வரியைக் கேட்காமல் கட்டுவது

கொலம்பியாவில் ஹோட்டல் அறைக்கு 19 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி உண்டு. அந்நாட்டில் வசிக்காமல் சுற்றுலாவுக்கு வந்த வெளிநாட்டவருக்கு அந்த வரியிலிருந்து விலக்கும் உண்டு. கடவுச்சீட்டையும் அதில் உள்ள நுழைவு முத்திரையையும் காட்ட வேண்டும். சிறிய ஹோட்டல்களில் கணக்கு எழுதும் பையன் மறந்துவிடுவான். கிளம்பும் அவசரத்தில் நீங்களும் பார்க்கமாட்டீர்கள். வந்த அன்றே கேட்டுவிடுங்கள். ஐந்து இரவுக்கு அது ஏறக்குறைய ஓர் இரவுக் கட்டணம்.

'$' குறியைக் கண்டு அலறுவது

அது டாலர் இல்லை, கொலம்பியப் பெசோ. '12.000' என்றால் பன்னிரண்டல்ல, பன்னிரண்டாயிரம்.

கார்டு இயந்திரம் உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா என்று அன்போடு கேட்கும். வேண்டாம் என்று சொல்லிப் பெசோவையே அழுத்துங்கள். அந்த அன்புக்கு விலை அதிகம்.

கடற்கரை ஹோட்டல் என்று நம்பி வருவது

மதிலுக்குள் கடற்கரை கிடையாது. மதில்மேல் நின்றால் கடல் தெரியும், அவ்வளவுதான். பக்கத்தில் போகாகிராந்தேயில் மணல் சாம்பல் நிறம். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் மசாஜ் செய்யட்டுமா என்று கேட்பார். படத்தில் பார்த்த பச்சைநீலத் தண்ணீர் ரொசாரியோ தீவுகளில் இருக்கிறது. விரைவுப் படகில் ஒரு மணி நேரம் வரை ஆகும். படகுத்துறைக் கட்டணம் தனி. டிக்கெட்டில் சேர்ந்திருக்கும் என்று எண்ணிச் சில்லறை இல்லாமல் நிற்காதீர்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடற்காற்று பலமாக இருக்கும். பிற்பகலில் அலை எழுந்தால் படகின் முன்பகுதியில் உட்கார்ந்தவருக்கு முதுகெலும்பு எத்தனை கண்ணி என்று எண்ணத் தெரிந்துவிடும். பின்னால் உட்காருங்கள். நனைவீர்கள், உடையமாட்டீர்கள்.

அலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பரூ தீவின் பிளாயா பிளாங்கா கடற்கரை இருக்கிறது. அதற்குச் சாலை வழியாகவே போகலாம்.

தெருப் பெயரை மட்டும் குறித்துக்கொள்வது

இங்கே தெருவின் பெயர் ஒவ்வொரு சந்திப்பிலும் மாறும். நேராக நடந்துகொண்டே இருப்பீர்கள். நாலு பெயர் கடந்திருப்பீர்கள். 'தும்பமுவெர்த்தோஸ்' என்றுகூட ஒரு தெரு உண்டு, பிணத்தைத் தவறவிடும் தெரு என்று பொருள். டாக்ஸி ஓட்டுநரிடம் தெருப் பெயரைச் சொல்லாமல், பக்கத்தில் இருக்கும் சதுக்கத்தின் பெயரையோ தேவாலயத்தின் பெயரையோ சொல்லுங்கள். டாக்ஸியில் மீட்டர் கிடையாது. ஏறுமுன் தொகையைப் பேசிவிடுங்கள். பல தெருக்கள் குறுகல் என்பதால் பெட்டியைக் கடைசி இருநூறு அடி நீங்களே இழுக்க வேண்டியிருக்கும்.

ரைஸ் குக்கர் கொண்டுபோவது

சிரிக்காதீர்கள், என் குழுவில் ஒருவர் கொண்டுவந்தார். அங்கே மின்சாரம் 110 வோல்ட். 230 வோல்ட்டுக்குச் செய்த குக்கரை அதில் போட்டால் சூடு பாதியாகக் குறையாது, கால்பங்குக்கும் கீழே போகும். ஒன்றரை மணி நேரம் கழித்து அரிசி வெதுவெதுப்பாக இருந்தது. தேங்காய்ப்பால் சோறு அந்த ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது.

நாட்காட்டியைப் பார்க்காதது

கொலம்பியர்கள் பல விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்துக்கொள்கிறார்கள். அந்த மூன்று நாள் விடுப்புக்குப் 'புவெந்தே', அதாவது பாலம், என்று பெயர். அப்போது தலைநகர் பொகோதா மக்கள் திரளாகக் கிளம்பி இங்கே வந்து இறங்குவார்கள். அறைக்கு விலையும் ஏறும், கேட்ட அறையும் கிடைக்காது. சிறிய ஹோட்டலை முழுவதுமாகக் கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு. எடுக்காவிட்டாலும் பாதி அறையையும் மொட்டைமாடியையும் எடுத்துவிடுவார்கள். நீங்கள் அழைப்பில்லாத விருந்தாளி. முன்பதிவின்போதே கேளுங்கள்.

நவம்பர் 11 நகரத்தின் விடுதலை நாள். அதை ஒட்டிய நாட்களில் ஊரே தெருவில்தான். நுரை அடிப்பார்கள், சோளமாவை முகத்தில் வீசுவார்கள். அதற்காகவே போகிறவர்கள் தாராளமாகப் போங்கள், பால்கனி அறையே எடுங்கள். ஆனால் கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்குங்கள். நான் சாத்தாமல் இறங்கினேன். என் பெட்டியின் ஜிப் பற்களில் அந்த மாவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.