சிவ் 6: ரிசர்ச், டிப்ளமசி, போர் மூணையும் தனித்தனியா ஓட்டுறதால வர்ற தப்புகள்

சிவிலைசேஷன் 6-ங்கிற ஸ்ட்ராட்டஜி கேம்ல நடுத்தர கஷ்டமான பிரின்ஸ் லெவல் வரைக்கும் ஜாலியா ஜெயிச்சிட்டு வந்தவங்க எம்பரர், இம்மார்ட்டல்னு ஏறினதும் வரிசையா தோக்குறது ரொம்ப சகஜம். பிரின்ஸ்ல ஏஐ-க்கு (கம்ப்யூட்டர் ஆடுற எதிரிக்கு) எந்தச் சலுகையும் கிடையாது, நம்மளும் அதுவும் ஒரே கோட்டுல இருந்துதான் ஆரம்பிக்கிறோம். எம்பரர்ல அதுக்கு சயின்ஸ்ல 16 சதவீதம், புரொடக்‌ஷன்ல 40 சதவீதம் கூடுதல், கையில எக்ஸ்ட்ரா ஒரு செட்லர் (புது சிட்டி நிறுவுற யூனிட்) வேற. இருக்கிறதுலயே கஷ்டமான டெய்ட்டி லெவல் போனா சயின்ஸ் 32, புரொடக்‌ஷன் 80, ஒவ்வொரு யூனிட்டுக்கும் சண்டையில 4 பாயின்ட் கூட, ஆரம்பிக்கும்போதே மூணு செட்லர். இந்த நிலைமையில ரிசர்ச்லயும் முந்தணும், எல்லார்கூடயும் நட்பாவும் இருக்கணும், படையும் பெருசா வெச்சிருக்கணும்னு நினைச்சா மூணுமே அரைகுறையாத்தான் நிக்கும். பேலன்ஸ்னா மூணுக்கும் சமமா பங்கு போட்டுக் குடுக்குறதுன்னு நிறைய பேர் நினைச்சுக்குறாங்க, எனக்குத் தெரிஞ்சு மத்த எல்லா தப்புக்கும் வேர் இதுதான். ஒரு நேரத்துல ஒண்ணு முன்னாடி போகணும், மத்த ரெண்டும் அதுக்கு வழி விட்டு முட்டுக் குடுக்கணும். ரிசர்ச் உனக்கு எதிரியை விட முந்தி இருக்கிற ஒரு சின்ன கேப் உருவாக்கித் தருது, அந்த கேப்புல போர் நடக்குது, அது நடக்குறப்போ மத்த எல்லைங்க அமைதியா இருக்கும்படி டிப்ளமசி பாத்துக்குது, அவ்ளோதான் விஷயம்.

(இங்க சொல்றதெல்லாம் கேதரிங் ஸ்டார்ம் எக்ஸ்பான்ஷன், ஸ்டாண்டர்ட் ஸ்பீடு வெச்சு.)

முதல்ல ஆரம்பத்துல நடக்குறது. ரைட்டிங் டெக் முடிஞ்ச உடனே ஒரே சிட்டியில கேம்பஸ் (சயின்ஸ் தர்ற டிஸ்ட்ரிக்ட்) கட்ட உக்காந்துடுறது. மலை பக்கத்துல இருந்தா ஒரு மலைக்கு +1 சயின்ஸ், ரீஃபோ ஜியோதெர்மல் ஃபிஷரோ ஒட்டி இருந்தா +2, அப்படி +4 வர்ற இடம் இருந்தா யோசிக்காம போடலாம், சரி. ஆனா வெறும் +1 இடத்துல, ஜனத்தொகை ரெண்டு மூணு இருக்கிற தலைநகர்ல, செட்லரை நிறுத்திட்டு கேம்பஸ் கட்டுறது பெரிய நஷ்டம். முதல் செட்லர் 80 புரொடக்‌ஷன், அதுக்கப்புறம் ஒவ்வொண்ணுக்கும் 30 ஏறிக்கிட்டே போகும், நல்ல நிலத்தை ஏஐ வேற பிடிச்சிட்டே வரும். அஞ்சு சிட்டியில சுமாரான கேம்பஸ் இருக்கிறது ரெண்டு சிட்டியில சூப்பரான கேம்பஸ் இருக்கிறதை விட எப்பவும் மேல, ஏன்னா லைப்ரரி, யுனிவர்சிட்டி எல்லாம் சிட்டிக்கு சிட்டி தனியா சேருது. இன்னொண்ணு, டிஸ்ட்ரிக்ட் விலை நீ ஆராய்ச்சி பண்ணப் பண்ண ஏறும், ஆனா இடத்துல வெச்சுட்டா அந்த விலை அங்கயே நின்னுடும். அதனால இடம் கிடைச்சதும் கேம்பஸை வெச்சுட்டு, கட்டுறதைப் பாதியில விட்டுட்டு செட்லருக்குப் போறது தப்பே இல்ல, அது நல்ல பழக்கம்.

இந்த நேரத்துல படையே வேணாம்னு விடுறதும் கூடவே வர்ற தப்பு. பார்பேரியன் (எந்த நாட்டையும் சேராத கொள்ளைக்கூட்டம்) ஸ்கவுட் உன் சிட்டியைப் பாத்துட்டு கேம்ப்புக்குத் திரும்பிட்டான்னா அடுத்து ஒரு கூட்டமே வரும், அவனைத் திரும்ப விடாம அடிக்கிறதுதான் வேலை. ஏஐ-யும் உன் படை பலத்தைப் பாத்துதான் உன்மேல பாயலாமா வேணாமான்னு முடிவு பண்ணுது. ரெண்டு ஸ்லிங்கர் (கவண் எறியுற ஆரம்பகால யூனிட்) இருந்தாலே நிலைமை வேற.

அந்த ரெண்டு ஸ்லிங்கரை செலவுன்னு பாக்காதீங்க, அதுதான் ரிசர்ச். ஸ்லிங்கரால ஒரு யூனிட்டை கொன்னா ஆர்ச்சரிக்கு யுரேகா, மூணு பார்பேரியனை கொன்னா பிரான்ஸ் வொர்க்கிங்குக்கு யுரேகா, மூணு ஆர்ச்சர் கையில இருந்தா மெஷினரிக்கு யுரேகா, மதில் ஒண்ணு கட்டினா இன்ஜினியரிங்குக்கு. ஒரு யுரேகான்னா அந்த டெக்கோட விலையில 40 சதவீதம் சும்மா கிடைக்குது, அதை ஒரு லைப்ரரி எத்தனை டர்ன் உழைச்சா குடுக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சயின்ஸ் விக்டரிக்குப் போறேன், சண்டையே போட மாட்டேன்னு உக்காந்திருக்கிறவங்க இந்த யுரேகா எல்லாத்தையும் விட்டுட்டு முழு விலை குடுத்து டெக் வாங்கிட்டு இருப்பாங்க, அப்புறம் ஏஐ எப்படி முந்துச்சுன்னு தேடுவாங்க. அதே மாதிரி யுரேகா ரெண்டு மூணு டர்ன்ல வரப்போகுதுன்னு தெரிஞ்சும் அந்த டெக்கை முழுசா முடிக்கிறதும் வீண். 60 சதவீதம் வரைக்கும் ஓட்டிட்டு வேற டெக்குக்கு மாத்திடலாம், செஞ்ச வேலை அப்படியே இருக்கும், எங்கயும் போகாது.

கல்ச்சரை மறந்துடுறது இதோட தம்பி. நிறைய பேர் சயின்ஸ் நம்பரை மட்டும் பாத்துட்டு மான்யுமென்ட்கூட கட்டாம போறாங்க. பொலிட்டிக்கல் பிலாசஃபி சிவிக் (டெக் மாதிரி, ஆனா கல்ச்சர் வெச்சு முடிக்கிறது) வந்தாதான் முதல் நல்ல கவர்ன்மென்ட் வரும், மூணு சிட்டி ஸ்டேட்டை (ஒரே ஊரா இருக்கிற குட்டி நாடு) சந்திச்சா அதுக்கு இன்ஸ்பிரேஷன் (சிவிக்குக்கான யுரேகா), அதாவது ஸ்கவுட்டை சீக்கிரம் சுத்த விடணும். ஆலிகார்க்கி எடுத்தா மெலீ யூனிட்டுக்கு 4 பாயின்ட், டெய்ட்டி ஏஐ-க்கு இருக்கிற அந்தச் சலுகை அப்படியே சமமாயிடுது. கேம்பஸ் ரெண்டு கட்டினா ரெக்கார்டட் ஹிஸ்டரிக்கு இன்ஸ்பிரேஷன், அந்த சிவிக்ல வர்ற நேச்சுரல் பிலாசஃபி பாலிசி கார்டு கேம்பஸ் அட்ஜசன்சியை (மலை, ரீஃப் மாதிரி பக்கத்து இடத்தால வர்ற சயின்ஸை) டபுள் ஆக்குது. கல்ச்சர் ஓடலைன்னா சயின்ஸும் பாதி வேகத்துலதான் ஓடும்.

நட்பு எப்போ, யார்கூட

டிப்ளமசின்னா ஏதோ நடு ஆட்டத்துல, எல்லா நாடும் ஓட்டுப் போடுற வேர்ல்டு காங்கிரஸ் வந்தப்புறம் பாத்துக்கலாம்னு விடுறாங்க. வேர்ல்டு காங்கிரஸ் மிடீவல் எராலதான் ஆரம்பிக்குது, ஆனா உன் பக்கத்து வீட்டுக்காரன் உன்னைப் பிடிக்குமா பிடிக்காதான்னு அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிவு பண்ணிடுவான். ஒருத்தரை சந்திச்ச அதே டர்ன்ல 25 கோல்டு குடுத்து டெலிகேஷன் (நல்லெண்ணத் தூது) அனுப்பிடணும், அப்போ பெரும்பாலும் வாங்கிப்பாங்க, பத்து டர்ன் கழிச்சு மூஞ்சி சுளிச்சப்புறம் அனுப்பினா திருப்பி அனுப்பிடுவாங்க. அவங்கவங்க அஜெண்டாவையும் (எது பிடிக்கும், எது பிடிக்காதுங்கிறதை) படிச்சுடுங்க. பக்கத்துல சந்திரகுப்தர் இருந்தா எல்லையை ஒட்டி இருக்கிறவங்களையே அவருக்குப் பிடிக்காது, நீ எவ்ளோ குடுத்தாலும் அது மாறுறது கஷ்டம், அப்போ அவரை நண்பராக்குறேன்னு கோல்டைக் கொட்டுறதை விட எல்லையில மதில் கட்டலாம். கிளியோபாட்ராவுக்கு பலமான படை இருக்கிறவங்களைத்தான் பிடிக்கும், அவங்க பக்கத்துல இருந்தா படையே உனக்கு டிப்ளமசி. பார்பரோசா சிட்டி ஸ்டேட்கூட நெருக்கமா இருந்தாலே கோவப்படுவாரு.

எல்லாரையும் நண்பராக்கப் பாக்குறது பெரிய தப்புன்னு அழுத்தியே சொல்றேன். ஃப்ரெண்ட்ஷிப் டிக்ளேர் பண்ணா 30 டர்ன் ரெண்டு பேருமே அடிச்சுக்க முடியாது, அது உன் கையையும் சேர்த்துதான் கட்டுது. அதனால ஒரு ஐம்பது அறுபது டர்ன் ஆகுறதுக்குள்ள முடிவு பண்ணிடணும், யார் எனக்கு நிலம் குடுக்கப் போறவன், யார் என் முதுகைப் பாத்துக்கப் போறவன்னு. முதுகு பக்கம் இருக்கிறவங்ககிட்ட ஃப்ரெண்ட்ஷிப், முடிஞ்ச உடனே மறுபடி புதுப்பிக்கணும், சிவில் சர்வீஸ் வந்தப்புறம் ரிசர்ச் அலையன்ஸ். அந்த அலையன்ஸ்ல டிரேட் ரூட் அனுப்பினா சயின்ஸ் வருது, அலையன்ஸ் லெவல் ஏற ஏற டெக் பூஸ்ட்டும் வருது, இது யார் கண்ணுலயும் படாம சும்மா கிடக்கிற வருமானம்.

சிட்டி ஸ்டேட் விஷயத்துல ஒண்ணு. என்வாய்களை (அங்க அனுப்புற தூதர்களை) ஊருக்கு ஒண்ணா தூவி விடுறாங்க. பலன் கூடுறதுக்கு 1, 3, 6-னு படி இருக்கு, சூஸரைன் (அந்த சிட்டி ஸ்டேட்டுக்குத் தலைமை ஆள்) ஆகணும்னா குறைஞ்சது மூணு வேணும், மத்தவங்களை விட அதிகமாவும் இருக்கணும். சயின்டிஃபிக் சிட்டி ஸ்டேட் ரெண்டு பக்கத்துல இருந்தா அங்க குவிக்கிறது கேம்பஸ் கட்டுறதுக்கு சமம். இதைவிட முக்கியமா, நீ அடிக்கப் போறவன் எந்த சிட்டி ஸ்டேட்டுக்கு சூஸரைன்னு போருக்கு முன்னாடி பாக்கணும், ஏன்னா போர் அறிவிச்ச உடனே அந்த சிட்டி ஸ்டேட்டும் அவன்கூட சேர்ந்து இறங்கும், அது உன் தலைநகருக்கு நாலு கட்டம் தள்ளி இருந்தா உன் படை எல்லாம் வேற பக்கம் போயிருக்கிற நேரத்துல பின்னாடி இருந்து அடி விழும். ரெண்டு என்வாய் கையில சேர்த்து வெச்சிருந்து போருக்கு முந்தின டர்ன்ல போட்டு அந்த சூஸரைனைப் பறிச்சிட்டா எதிரியோட துணை உன் துணையாயிடுது.

போர்: கேப் தெரியாம இறங்குறது

ஏஐ பலவீனமா இருக்கிற மாதிரி தெரிஞ்சுது, அடிச்சேன்னு சொல்லிட்டு மதில் முன்னாடி இருபது டர்ன் நிக்கிற போர்தான் ஆட்டத்தையே கெடுக்கும். மதில் வந்துட்டா ஆர்ச்சர், க்ராஸ்போ எல்லாம் சிட்டிக்கு எதிரா பெருசா ஒண்ணும் பண்ணாது, அவங்க வேலை வெளிய வர்ற யூனிட்டைக் கொல்றது. ஆரம்ப மதிலுக்கு பேட்டரிங் ராம், மிடீவல் மதில் வரைக்கும் சீஜ் டவர், இது ரெண்டும் மெலீக்கும் ஸ்பியர் வகைக்கும்தான் உதவும், குதிரைப்படைக்கு உதவாது, இதைத் தெரியாம நைட் படையோட ராம் இழுத்துட்டுப் போறவங்க நிறைய. அதுக்கு மேல மதில் ஏறினா பாம்பார்ட் (பீரங்கி) வேணும், பாம்பார்டுக்கு நைட்டர்ங்கிற வளம் வேணும், நைட்டர் உன் நிலத்துல இருக்கான்னே பாக்காம அந்த டெக்கை நோக்கி ஓடினா படை எப்படி வரும்?

அதனால போர் எப்போன்னு ரிசர்ச்தான் சொல்லணும். மதில் வர்றதுக்கு முன்னாடி ஆர்ச்சரும் வாரியரும், அப்புறம் க்ராஸ்போ, அப்புறம் பாம்பார்ட், அப்புறம் ஆர்ட்டிலரி, இப்படி நாலஞ்சு கேப்தான் ஒரு ஆட்டத்துல நல்லா திறக்கும், ஒண்ணை விட்டுட்டா அடுத்ததுக்குக் காத்திருக்கணும், நடுவுல இறங்கக் கூடாது. கேப் திறக்கிற அன்னைக்கு படை ரெடியா நிக்கணும், டெக் வந்தப்புறம் முதல் யூனிட்டைக் கட்ட ஆரம்பிச்சா பாதி கேப் போயிடும். ஆர்ச்சரை முன்னாடியே மலிவா கட்டி எல்லையில நிறுத்தி, மெர்சினரீஸ் சிவிக் முடிச்சு ப்ரொஃபஷனல் ஆர்மி கார்டு போட்டா அப்கிரேடு செலவு பாதி, மெஷினரி வந்த டர்ன்லயே அத்தனையும் க்ராஸ்போ ஆயிடும். ஒரு சிவிக் முடியுற டர்ன்ல கார்டு மாத்துறது இலவசம், அதை வெச்சு கார்டைப் போட்டு எடுக்குறதைத் திட்டமிடலாம்.

இதுக்குக் கோல்டு எங்கன்னா, அதுவும் டிப்ளமசிதான். ஒரே லக்சுரியில ரெண்டாவது காப்பிக்கு உனக்கு ஆமெனிட்டி (மக்களோட திருப்தி) எதுவும் கிடையாது, அதை வித்துடு. யாரை அடிக்கப் போறியோ அவன்கிட்டயே மொத்தப் பணமா வாங்கிட்டு வித்தா நல்லது, டர்னுக்கு இவ்ளோன்னு வாங்கினா போர் வந்ததும் அது நின்னுடும்.

முன்னறிவிப்பு இல்லாம பாயுறதும் தவிர்க்க வேண்டியது. சர்ப்ரைஸ் வார் 150 கிரீவன்ஸ் (உன்மேல சேர்ற மனக்குறை), முன்னாடியே டினவுன்ஸ் (வெளிப்படையா கண்டனம்) பண்ணி அஞ்சு டர்ன் பொறுத்து ஃபார்மல் வாரா போனா 100. இந்த அஞ்சு டர்ன் படையை நகர்த்தவே தேவைப்படும், அதை ஏன் விடணும்? எல்லையில படை சேர்க்கிறதைப் பாத்து அவன் வந்து விலக்கச் சொல்லிக் கேட்டா, சரின்னு வாக்குக் குடுத்துட்டு அடிக்கிறது இன்னும் மோசம், வாக்குத் தவறினதுக்குத் தனியா கிரீவன்ஸ் ஏறும். எல்லாத்தையும் விட நல்ல போர் அவனா உன்மேல வர்ற போர். மதிலுக்குப் பின்னாடி ஆர்ச்சர் வெச்சு அவன் படையை அங்கயே முடிச்சிட்டு, அவன்மேல உனக்கு கிரீவன்ஸ் இருக்கும்போதே ரெண்டு சிட்டியைப் பிடிச்சா மத்தவங்க யாரும் பெருசா கோவப்பட மாட்டாங்க.

பிடிச்சப்புறம் சிட்டி கை நழுவுறது லாயல்டியில, அதாவது அந்த ஊர் உனக்குக் காட்டுற விசுவாசத்துல. ஒன்பது கட்டத்துக்குள்ள இருக்கிற எல்லா சிட்டியோட ஜனத்தொகையும் அழுத்தம் குடுக்கும், எதிரி நாட்டு நடுவுல போய் ஒரே ஒரு சிட்டியைப் பிடிச்சிட்டு ஓய்வெடுத்தா கொஞ்ச டர்ன்ல அது ஃப்ரீ சிட்டி ஆகி உன் யூனிட்டையே அடிக்கும். ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு பக்கத்துப் பக்கத்து சிட்டியா வேகமா பிடிக்கணும், கவர்னரை அங்க அனுப்பினா நிலைகொண்டதும் +8, அவர் உக்கார டர்ன் ஆகும்ங்கிறதால சிட்டி விழுறதுக்கு முன்னாடியே எந்த கவர்னரைத் தூக்கப் போறோம்னு முடிவு பண்ணிடணும்.

எப்போ நிறுத்துறதுன்னு தெரியாம இழுக்கிறதும் அதே அளவு கெடுதல். அடுத்தவன் நிலத்துல சண்டை நீள நீள வார் வியரினஸ் (போர்ச் சலிப்பு) ஏறும், ஆமெனிட்டி குறையும், குறைஞ்சா சிட்டி வளர்ச்சியும் விளைச்சலும் சேர்ந்து விழும், அதுல உன் சயின்ஸும் அடங்கும். பிடிக்க முடியாத சிட்டி முன்னாடி நின்னா திரும்புற வழியில அவன் கேம்பஸை பில்லேஜ் (கொள்ளை) பண்ணிடுங்க, உனக்கு சயின்ஸ் கிடைக்கும், அவனுக்கு சரி பண்ற வேலை. லைட் கேவல்ரி வகைக் குதிரைப்படையில டெப்ரடேஷன் ப்ரமோஷன் எடுத்தா ஒரு டர்ன்லயே நிறைய கட்டத்தை இப்படிக் காலி பண்ணலாம். போர் அறிவிச்சு பத்து டர்ன் கழிச்சுதான் சமாதானம் பேச முடியும், அந்தப் பத்து டர்ன்ல என்ன கிடைக்குமோ அதை முன்கூட்டியே கணக்குப் போட்டு இறங்குறது ஒரு நல்ல அளவுகோல்.

கடைசிக் கட்டத்துல ஒரு தப்பு. சயின்ஸ்ல ரொம்ப முன்னாடி போயாச்சு, இனிமே ஸ்பேஸ்போர்ட் கட்டிட்டு என்டர் தட்டுறதுதான்னு படையைக் கலைச்சு பராமரிப்புச் செலவை மிச்சம் பிடிக்கிறது. சாட்டிலைட், நிலா, செவ்வாய் எல்லாம் முடிச்சு எக்ஸோபிளானட் கிளம்பினப்புறமும் அது 50 ஒளியாண்டு போகணும், அந்த நேரத்துலதான் உன்னைப் பிடிக்காத எல்லாரும் வருவாங்க. அதுக்குள்ள வேற ஒருத்தன் மதத்துலயோ கல்ச்சர்லயோ ஜெயிக்கப் போறானான்னும் விக்டரி பக்கத்தை அப்பப்போ திறந்து பாத்துக்கணும். கடற்கரையில ஸ்பேஸ்போர்ட் வைக்காதீங்க, கப்பல் வந்து பில்லேஜ் பண்ணிட்டுப் போயிடும். உள்நாட்டுல வெச்சு, ஒரு ஸ்பையை வெளியூர் அனுப்பாம அந்த ஸ்பேஸ்போர்ட்லயே கவுன்டர்ஸ்பையா உக்கார வைங்க, ராக்கெட் வேலையைக் கெடுக்கன்னே எதிரி ஸ்பைக்குத் தனி மிஷன் இருக்கு.