வாடிவாசல் செய்தியிலிருந்து சரித்திர நாவலுக்கு

ஜல்லிக்கட்டுச் செய்தி எழுதும் நிருபரான உங்களுக்குச் சங்ககாலத்தை வைத்து ஒரு சரித்திர நாவல் எழுத ஆசையா? அலங்காநல்லூரில் யார் எத்தனை மாடு பிடித்தார் என்று எண்ணி எழுதிய கை சரித்திர நாவலும் எழுதும். ஜப்பானின் ஷிபா ரியோதாரோ சங்கேய் நாளிதழ் நிருபராக இருந்து நாவலாசிரியர் ஆனவர்தானே. முதலில் சங்க இலக்கியமான கலித்தொகையின் முல்லைக்கலிப் பகுதியைப் படியுங்கள், ஏறு தழுவுதலைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது போலவே இருக்கும். அப்புறம் விடியற்காலையில் மதுரைக்குப் பக்கத்திலுள்ள மாங்குளம் மலையேறி, பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் வெட்டிய தமிழி (பழைய தமிழ் பிராமி) எழுத்துகளுக்கு முன்னால் உட்கார்ந்து, பாறையின் சில்லிப்பு, காற்று வரும் திசை, கீழே தெரியும் வயல் எல்லாவற்றையும் மேட்ச் பார்க்கும்போது குறிப்பது போல நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும். அங்கே தந்தப் பகடைக்காயைப் பார்த்தாலே ஒரு காட்சி பிறந்துவிடும். சாப்பாட்டில் கவனம்: சங்ககாலக் குழம்பில் மிளகாயும் தக்காளியும் கிடையாது, மிளகுதான். சரி, முதல் அத்தியாயத்தை மாடு வெளியே பாயும் நொடியில் ஆரம்பியுங்கள்.