“பிகாஸ் ஆஃப்”, “அக்கார்டிங் டு” வந்தால் அப்பாஸ்ட்ரபியை எங்கே போடுவது?

பாய்ஸ், பாய்'ஸ், பாய்ஸ்'. ஆங்கிலத்தில் இந்த மூன்றும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும், எழுத்தில் அப்பாஸ்ட்ரபி என்ற ' குறியால்தான் வேறுபடும். முதலாவது பையன்கள், இரண்டாவது ஒரு பையனுடைய, மூன்றாவது பல பையன்களுடைய. தனியாகக் கேட்டால் பலரும் சரியாக எழுதிவிடுவார்கள். முன்னால் “பிகாஸ் ஆஃப்”, “அக்கார்டிங் டு”, “இன் ஸ்பைட் ஆஃப்” போன்ற இணைப்புத் தொடர் வந்ததும் கை தடுமாறத் தொடங்கும்.

தடுமாறத் தேவையில்லை. அப்பாஸ்ட்ரபி வேண்டுமா என்பதை முன்னால் நிற்கும் தொடர் முடிவு செய்வதில்லை. பின்னால் வரும் பெயர்ச்சொல்தான் முடிவு செய்கிறது.

படி 1: இணைப்புத் தொடரை விரலால் மறையுங்கள்

“பிகாஸ் ஆஃப் தி டீச்சர்ஸ்' ஸ்ட்ரைக்” என்பதில் முதல் இரண்டு சொற்களை மறைத்தால் “தி டீச்சர்ஸ்' ஸ்ட்ரைக்” மிஞ்சும். யாருடைய வேலைநிறுத்தம்? ஆசிரியர்களுடையது. உடைமை இருக்கிறது, குறி வேண்டும்.

“அக்கார்டிங் டு தி டாக்டர்ஸ்” என்பதில் மறைத்தபின் “தி டாக்டர்ஸ்” மட்டும்தான் இருக்கிறது. அவர்களுடைய எது என்று எதுவும் சொல்லப்படவில்லை. ஆகவே குறி கிடையாது. “அக்கார்டிங் டு தி டாக்டர்ஸ்' ரிப்போர்ட்” என்று நீட்டினால் குறி வந்துவிடும்.

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். தமிழில் “மருத்துவர்களின் கருத்துப்படி”, “ஊழியர்களின் சார்பாக” என்று ‘இன்’ சேர்த்தே எழுதுகிறோம். அந்தப் பழக்கத்தில் “ஆன் பிஹாஃப் ஆஃப் தி ஒர்க்கர்ஸ்” என்பதிலும் ஒரு குறியை வைத்துவிடுகிறோம். அங்கே “ஆஃப்” என்ற சொல்லே ‘இன்’ செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது.

படி 2: முதலில் பன்மையை முழுதாக எழுதுங்கள்

குறியை மறந்துவிட்டுப் பன்மையை எழுதி, கடைசி எழுத்தைப் பாருங்கள். எஸ் என்று முடிந்தால் அதற்குப் பின்னால் குறி மட்டும்: டீச்சர்ஸ்', பேரன்ட்ஸ்', ஃபேமிலீஸ்'. எஸ் இல்லாமல் முடிந்தால் குறியும் எஸ்ஸும்: சில்ட்ரன்'ஸ், மென்'ஸ், விமென்'ஸ். சில்ட்ரன்ஸ்' என்று எழுதுவது எப்போதும் பிழை. சில்ட்ரன் என்பதே பன்மை.

படி 3: ஒருவரா, பலரா என்று திருப்பிப் பாருங்கள்

“இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் பேரன்ட்'ஸ் அட்வைஸ்” என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அறிவுரை சொன்னது தாய், தந்தை இருவரில் ஒருவர் மட்டும் என்று பொருளாகிவிடும். “தி அட்வைஸ் ஆஃப் ஹிஸ் பேரன்ட்ஸ்” என்று திருப்பிச் சொல்லுங்கள். எஸ் தானாக வந்து நின்றால் பேரன்ட்ஸ்' என்பதே சரி.

படி 4: மறைந்திருக்கும் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள்

படி 1-க்கு விலக்குப் போலத் தோன்றும் இடம் ஒன்று உண்டு. “அன்லைக் தி பாய்ஸ்', தி கேர்ள்ஸ்' ரூம் இஸ் கிளீன்” என்ற வாக்கியத்தில் பாய்ஸ் என்பதை அடுத்துப் பெயர்ச்சொல் இல்லை. குறி மட்டும் இருக்கிறது. காரணம், ரூம் என்ற சொல் அங்கே மறைந்திருக்கிறது. குறியை எடுத்துவிட்டால் அறையை அறையோடு ஒப்பிடாமல் பையன்களோடு ஒப்பிட்டதாகிவிடும். “அன்லைக்”, “கம்பேர்ட் டு” போன்ற ஒப்பீட்டுத் தொடர்களைக் கண்டால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று ஒரு நொடி நின்று கேளுங்கள். இந்த நுணுக்கத்தைத் தவறவிடுபவர்களில் நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களும் உண்டு.

கால அளவுக்கும் இதே விதிதான்: “ஆஃப்டர் டூ வீக்ஸ்' லீவ்”. தெயர், தெயர்ஸ் ஆகிய சொற்களுக்குக் குறியே கிடையாது. வெவ்வேறு உடைமையாளர்கள் வரிசையாக வந்தால் ஒவ்வொருவருக்கும் குறி போடுவது தெளிவு: “தேங்க்ஸ் டு மை பேரன்ட்ஸ்' அண்ட் டீச்சர்ஸ்' சப்போர்ட்”.

இப்போது இந்த மூன்றையும் ஆங்கில எழுத்தில் எழுதி, குறி வைத்துப் பாருங்கள்: “இன்ஸ்டெட் ஆஃப் தி விமென்ஸ் டீம்”, “அலாங் வித் தி பிளேயர்ஸ்”, “டியூ டு தி டிரைவர்ஸ் டிமாண்ட்ஸ்”.

முதலாவதில் எஸ்ஸுக்கு முன்னால் குறி வரும். இரண்டாவதில் குறியே இல்லை. மூன்றாவதில் கோரிக்கை வைத்தவர் ஒருவர் என்றால் எஸ்ஸுக்கு முன்னால், பலர் என்றால் எஸ்ஸுக்குப் பின்னால்.