சுவிட்ச் அப்பாவி, ஜாக்கைப் பாருங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழைய கருங்கல் வீடுகளில் கூடத்து ரூட்டரின் வைஃபை உள்ளறைக்குப் போவதற்குள் நொண்டிவிடும். டிவி, கம்ப்யூட்டர், சிசிடிவி ரெக்கார்டர், பிரிண்டர் என்று வைத்த இடத்திலேயே இருக்கும் சாமான்களுக்கு வயர் இழுத்துவிட்டால் வைஃபையைக் கைப்பேசிகளுக்கு விட்டுவிடலாம். ரூட்டரில் இருக்கும் இரண்டு, நாலு லேன் போர்ட் (நெட் கேபிள் செருகும் ஓட்டை) பற்றாதபோது வாங்குவதுதான் சுவிட்ச், ஒரு போர்ட்டைப் பலவாக்கித் தரும் பெட்டி. எலக்ட்ரிக்கல் கடையில் வெறுமனே ‘சுவிட்ச்’ என்றால் விளக்குப் பொத்தானைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கம்ப்யூட்டர் கடையில் ‘நெட்வொர்க் சுவிட்ச்’ என்று கேளுங்கள்.

ஐந்து போர்ட் சுவிட்சில் ஒன்று ரூட்டருக்கே போய்விடும், மிச்சம் நாலு. அதனால் எட்டு போர்ட்டாகவே வாங்கிவிடுவது நல்லது. பெட்டியில் 10/100/1000 என்று போட்டிருக்க வேண்டும். 10/100 என்று மட்டும் இருந்தால் அதன் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. வீட்டுக்கு ‘அன்மேனேஜ்டு’ வகையே போதும், அதில் எந்த செட்டிங்கும் கிடையாது.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். தரம் ‘கேட் 6’ என்று இருக்கட்டும், கம்பி சுத்தச் செம்பாக இருக்கட்டும். விலை மலிவாக இருப்பவற்றில் பல, அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியவை. வாங்குமுன் ஒரு கம்பியின் முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது இரண்டு முறை மடங்கினால் ஒடியும், கேமராவுக்குக் கேபிள் வழியே கரண்ட் அனுப்பினால் பாதி வழியிலேயே வோல்டேஜ் இறங்கும். ஒரே இழுப்பில் 100 மீட்டருக்கு மேல் கூடாது. 230 வோல்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளையும் செருகாதீர்கள். எலக்ட்ரீஷியன் ‘ஒண்ணும் ஆவாது’ என்பார். வயரின் தோல் உரிந்த அன்றைக்கு என்ன ஆகும் என்று அவரிடமே கேளுங்கள். பைப்பைத் தனியாகப் போடுங்கள், எங்காவது குறுக்கிட்டே ஆகவேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

இனி ஜாக் அடிப்பது, அதாவது கேபிள் முனையில் பிளாஸ்டிக் பிளக்கை (RJ45) மாட்டி அழுத்துவது. வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மேலுறையை மூன்று சென்டிமீட்டர் உரியுங்கள். உள்ளே இருக்கும் நாலு ஜோடியையும் பிரித்து, நீவி நேராக்கி, இந்த வரிசையில் அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. விரலால் இறுக்கிப் பிடித்து 12 மில்லிமீட்டர் விட்டு ஒரே வெட்டாக வெட்டுங்கள். ஜாக்கின் கிளிப் கீழே பார்க்க, திறந்த வாய் உங்களைப் பார்க்கப் பிடித்தால் வெள்ளை-ஆரஞ்சு இடது ஓரத்தில் வரும். எட்டுச் செம்பு முனையும் ஜாக்கின் முன்சுவரில் முட்டி நிற்பது கண்ணாடி போலத் தெரிய வேண்டும். மேலுறையும் ஜாக்குக்குள் புகுந்திருக்க வேண்டும். கிரிம்பிங் டூல் (ஜாக்கை அழுத்தும் இடுக்கி) அழுத்தும்போது பின்னால் உள்ள ஆப்பு அந்த உறையைத்தான் கவ்வும். உறை வெளியே நின்றுவிட்டால் கேபிளை யாராவது இழுத்த அன்றே லைன் போய்விடும்.

‘ரெண்டு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதும், எந்த வரிசையா இருந்தா என்ன’ என்று சொல்பவர்கள் உண்டு. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக அடுக்கினாலும் கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காகத்தான் எரியும். ஆனால் 3-ஆவது, 6-ஆவது பின்கள் (ஜாக்கில் வெள்ளை-ஆரஞ்சிலிருந்து எண்ணும் இடங்கள்) ஒரே ஜோடியின் முறுக்கில் வந்தாக வேண்டும், அந்த முறுக்குதான் இரைச்சலை அடக்குகிறது. ஜோடி பிரிந்துவிட்டால் இரண்டு மீட்டர் கேபிள் எப்படியோ ஓடிவிடும், இருபது மீட்டர் திணறும்.

சுவர்ப் பெட்டியில் சாக்கெட் வைத்து, அங்கிருந்து சாமானுக்கு ரெடிமேட் பேட்ச் கார்டு (இரண்டு முனையிலும் ஜாக் உள்ள, வளையும் கேபிள்) போடுவது உத்தமம். சுவருக்குள் போகும் கேபிளின் ஒற்றைக் கம்பி அடிக்கடி வளைவதைத் தாங்காது.

இணைப்பது ஒரு நிமிட வேலை. ரூட்டரின் லேன் போர்ட்டிலிருந்து சுவிட்சின் எந்தப் போர்ட்டுக்கும் ஒரு கேபிள், மீதிப் போர்ட்களில் சாமான்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஃபைபர் இணைப்புடன் வரும் பெட்டிகள் பலவற்றில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்றவை 100. சுவிட்சுக்குப் போகும் கேபிள் அந்த கிகாபிட் போர்ட்டில்தான் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரின் லிங்க் ஸ்பீடு 1000-க்குப் பதில் 100 என்று காட்டினால் சுவிட்சைத் திட்டாதீர்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலமோ பழுப்போ சரியாகக் கவ்வாமல் இருக்கும். ஜாக்கை வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள். ஆனால் டிவி 100 காட்டினால் விட்டுவிடுங்கள், பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட்டே அவ்வளவுதான்.

திடீரென்று வீடு முழுக்க நெட் நின்று, சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றாகப் படபடவென்று அடித்துக்கொண்டால் ஒரே கேபிளின் இரண்டு முனையும் சுவிட்சிலேயே செருகப்பட்டிருக்கிறதா பாருங்கள். கூட்டிப் பெருக்கும்போது தொங்கிய முனையை யாரோ நல்லெண்ணத்தில் காலியாக இருந்த ஓட்டையில் சொருகியிருப்பார்கள்.

பழைய ரூட்டரைச் சுவிட்சாகப் பயன்படுத்தலாம். அதன் டிஹெச்சிபியை (சாமான்களுக்கு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க் முகவரி, கொடுக்கும் வேலை) நிறுத்தி, அதன் ஐபி முகவரியை முதல் ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, கேபிளை வான் (WAN, வெளி இணைப்புக்கான) போர்ட்டில் அல்ல, லேன் போர்ட்டில் செருகுங்கள்.

கரண்ட் போனதும் வைஃபை இருக்கிறது, கம்ப்யூட்டரில் நெட் இல்லை என்றால், மினி யுபிஎஸ்ஸில் ரூட்டர் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம். சுவிட்சையும் அதில் சேர்க்குமுன் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். சிறிய சுவிட்சுகள் பல 5 வோல்ட், ரூட்டர் பெரும்பாலும் 12. 12 வோல்ட் வயரின் முனை 5 வோல்ட் சுவிட்சிலும் ஒன்றுபோலவே நுழையும், நுழைந்ததும் சுவிட்ச் புகைந்துவிடும்.

கடைசியாக, மாந்தோப்புப் பம்ப் ஷெட்டில் கேமரா வைக்கிறவர்களுக்கு. வீட்டிலிருந்து வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். சித்திரை, வைகாசி இடி மழையில் மின்னல் நேரே விழ வேண்டியதில்லை, பக்கத்தில் எங்கேயோ இறங்கினாலே போதும்: நீளமான கேபிளில் வோல்டேஜ் ஏறி சுவிட்ச், ரெக்கார்டர், ரூட்டர் என்று வரிசையாகச் சுடும். ‘சிங்கிள் மோட்’ வகை ஃபைபர் (கண்ணாடி இழை) இழுத்து, இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் பெட்டி) வையுங்கள். ஒற்றை இழை வகை என்றால் ஒரு பக்கம் ‘ஏ’, மறுபக்கம் ‘பி’ என்று ஜோடியாக வாங்க வேண்டும். இரண்டு ‘ஏ’ ஒன்றோடொன்று பேசாது. ஃபைபரோடு ஒட்டி வரும் இரும்புக் கம்பியை வீட்டு வெளிச்சுவர்க் கொக்கியிலேயே கட்டி முடித்து, இழையை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.