உச்சி வெயிலில் ஒரு கிரகணம்: சல்லடை போதும்

2031 மே 21 அன்று வரும் வளையச் சூரிய கிரகணம் தேனி, மதுரை வழியாகப் போகிறது. நேரம் ஏறக்குறைய மதியம் 1 மணி. சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலே நிற்கும் என்பதால் பார்ப்பது ரொம்பச் சுலபம்.

மொட்டை மாடியில் வெள்ளை அட்டையைத் தரையில் விரியுங்கள். இன்னொரு அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு, அதற்கு மேலே பிடியுங்கள். 1 மீட்டர் உயரத்தில் பிடித்தால் சூரியனின் பிம்பம் சுமார் 9 மில்லிமீட்டர் அகலத்தில் விழும். 2 மீட்டர் என்றால் இருமடங்கு, ஆனால் கொஞ்சம் மங்கும். நேரம் ஆக ஆகப் பிறையாகி, அப்புறம் வளையமாகும். அடுப்படிச் சல்லடையைப் பிடித்தால் தரையெங்கும் குட்டி வளையல்கள்! வேப்பமரத்தடி நிழலிலும் இதே வேடிக்கைதான். துளை வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள். அதற்கு முதுகைக் காட்டி, தரையைப் பாருங்கள்.

நேராகப் பார்த்தே தீர வேண்டுமா? ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள, கீறல் இல்லாத கிரகணக் கண்ணாடி வாங்குங்கள். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், சாணி கரைத்த தண்ணீர் எதுவும் ஆகாது. விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் சுடுவதே உறைக்காது. வளையம் தெரியும்போதும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. அதை மாட்டிக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பது இன்னும் மோசம். குவிந்த ஒளி கண்ணாடியையே பொசுக்கிவிடும்.