மாலைக் கடையில் துரித உணவு வாங்கும் முன்

தெருமுனைக் கடையில் சில்லி சிக்கனோ கோபி மஞ்சூரியனோ வாங்குபவர்கள், விலைப்பட்டியலுக்கு முன் வாணலியைப் பார்க்க வேண்டும். எண்ணெய் கறுத்துப் பிசுபிசுத்து, பொரிக்கும்போது எழும் நுரை அடங்காமல் நின்றால், அது பலமுறை காய்ச்சப்பட்ட எண்ணெயாகவே இருக்கும். காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைந்து, போலார் சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருள்கள் அதில் பெருகுகின்றன. அவற்றின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. அளக்கும் கருவி நம்மிடம் இல்லாததால் கண்ணையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும். காறல் வாடை வீசினால் தயங்காமல் திரும்பிவிடுங்கள்.

நிறத்தையும் கவனியுங்கள். கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமி சேர்ப்பதைக் கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடைசெய்தது. மிளகாய்த்தூள் தராத பளீர்ச் சிவப்பு விரலில் ஒட்டி, சோப்பு போட்டும் போகவில்லையென்றால், அந்தத் தட்டைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

ஃப்ரைட் ரைஸில் பலரும் மறப்பது சோற்றை. மதியம் வடித்து வெளியிலேயே வைத்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிர் பெருகி உண்டாக்கும், வாந்தியை வரவழைக்கும் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது என்பதால், சோறு எப்போது வடித்தது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோயா சாஸ், அஜினமோட்டோ, தூளுப்பு மூன்றிலும் இரத்த அழுத்தத்தை ஏற்றும் சோடியம் இருக்கிறது. ஆகவே இரத்த அழுத்தம் உள்ளவர்கள், வாணலி அடுப்பில் ஏறும் முன்பே, “சாஸ் பாதி போதும், உப்பு தனியாக வேண்டாம்” என்று சொல்லிவிடுவது நல்லது.