சர்க்கரை நோயால் காலை இழந்தவரை வீட்டில் பராமரித்தல்: மொரீசியசுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மொரீசியசில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. அந்நோயால் முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டு மருத்துவமனையிலிருந்து திரும்பும் ஒருவரை வரவேற்கும் குடும்பம், பெரும்பாலும், ஆபத்து கடந்துவிட்டது என்றே எண்ணிக்கொள்கிறது. அறுவை சிகிச்சை அழுகிய பகுதியைத்தான் நீக்கியிருக்கிறது. அதற்குக் காரணமான நோய் உடலெங்கும் இருக்கிறது. ஒரு காலில் இரத்தக் குழாய்களைச் சுருக்கி நரம்புகளை மரத்துப்போகச் செய்த அதே நோய், மற்றக் காலையும் இதயத்தையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் விட்டுவைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே மறுவாழ்வுப் பயிற்சியை இழந்த காலை மட்டும் வைத்துத் திட்டமிடாமல், எஞ்சியிருக்கும் உடலை வைத்துத் திட்டமிட வேண்டும்.

முதல் வாரங்களில் குடும்பத்தின் அன்பே கெடுதல் செய்வதுண்டு. வலிக்கிறதே என்று வெட்டுண்ட காலின் முழங்காலுக்கு அடியில் தலையணையைச் செருகிவைத்தால், சில வாரங்களிலேயே முழங்கால் மடங்கிய நிலையில் இறுகிவிடும். நீட்ட முடியாத முழங்காலுக்குச் செயற்கைக்காலைப் பொருத்துவது மிகக் கடினம். படுத்திருக்கும்போது கால் நேராக இருக்கட்டும். சக்கர நாற்காலியில் அமரும்போது, இருக்கையோடு சேர்த்து ஒரு பலகையை முன்னோக்கி நீட்டிவைத்து, அதன்மேல் முழங்காலை நீட்டிவைக்கச் சொல்ல வேண்டும். நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பவரின் இடுப்பு மூட்டும் முன்புறம் மடங்கி இறுகுமாதலால், மூச்சுத்திணறலோ வேறு தடையோ இல்லாதவரை, குப்புறப் படுத்து கால் மணி நேரம் கழிப்பதை நாளுக்கு இரண்டு மூன்று முறை பழக்குவது நல்லது.

வீக்கத்தைக் குறைக்க வெட்டுண்ட காலில் சுற்றும் நெகிழ்துணிக் கட்டினை (எலாஸ்டிக் பேண்டேஜ்), மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சையாளர் கட்டிக்காட்டும்போது, வீட்டில் கட்டப்போகிறவரே அருகில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். கட்டு எட்டு வடிவில் குறுக்காகச் செல்ல வேண்டும்; நுனியில் அழுத்தம் மிகுந்தும் மேலே போகப்போகத் தளர்ந்தும் இருக்க வேண்டும். வளையம் வளையமாகச் சுற்றினால் இரத்த ஓட்டம் தடைப்படும். துணி நழுவும் இயல்புடையதாதலால் ஒரு நாளில் பலமுறை அவிழ்த்துக் கட்ட நேரிடும்.

இல்லாத பாதம் அரிக்கிறது, விரல்கள் எரிகின்றன என்று நோயாளி சொன்னால் அதைப் பிரமை என்று ஒதுக்கக் கூடாது. துண்டிக்கப்பட்ட நரம்புகளிலிருந்தும் மூளையில் அந்தப் பாதத்துக்குரிய பகுதியிலிருந்தும் எழும் உண்மையான உணர்வு அது; அதற்கு மாத்திரைகளும் கண்ணாடியின் முன் செய்யும் பயிற்சியும் உள்ளன. இவ்வுணர்வினால் வரும் மற்றோர் ஆபத்தைப் பலர் கவனிப்பதில்லை: இரவில் அரைத்தூக்கத்தில் சிறுநீர் கழிக்க எழுபவர், இரண்டு கால்களும் இருப்பதாகவே நினைத்துத் தரையில் ஊன்றி விழுந்துவிடுகிறார். கட்டிலருகே சிறு விளக்கும், கைக்கெட்டும் தூரத்தில் சிறுநீர்க்குவளையும் இருக்கட்டும்.

பயிற்சி தொடங்கியதும் இரத்தச் சர்க்கரையின் போக்கு மாறும். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கக்கூடும். பயிற்சிக்கு முன் அளந்து பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதய நோய்க்காகத் தரப்படும் சில மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடுமாதலால், திடீர் வியர்வையை எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவராயின், ஊசி ஏற்றும் இரத்தக்குழாய் உள்ள கையை ஊன்றி எழுவதையும் அக்கையால் கனம் தூக்குவதையும் பற்றிச் சிகிச்சையாளரிடம் முன்பே கேட்டறிய வேண்டும். உடலில் நீர் ஏறி இறங்குவதற்கேற்பக் காலின் பருமன் மாறுவதால், நேற்று சரியாகப் பொருந்திய செயற்கைக்கால் இன்று இறுக்கும் அல்லது ஆடும். அது செய்தவரின் பிழையன்று. உள்ளே அணியும் காலுறைகளைக் கூட்டியும் குறைத்தும் ஈடுசெய்யலாம்.

எல்லாவற்றிலும் மேலாக நான் வற்புறுத்துவது மிஞ்சியிருக்கும் பாதத்தைத்தான். இரண்டு கால்கள் தாங்கிய பாரத்தை இனி அது ஒன்றே பெரும்பாலும் தாங்குகிறது. அதிலும் உணர்ச்சி குன்றியிருக்கிறது. தினமும் உள்ளங்காலையும் குதிகாலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண்பார்வை மங்கியவர் தம் பாதத்தைத் தாமே பார்த்துவிட்டேன் என்று சொல்வதை நம்ப வேண்டாம். வீட்டில் ஒருவர் அப்பொறுப்பை ஏற்கட்டும். வெந்நீர் ஒத்தடமும், ஆணிக்காலுக்கு ஒட்டும் மருந்துப் பட்டியும், பிளேடால் தோலைச் சீவுவதும் கூடவே கூடாது. செருப்பின் உள்ளே கையை விட்டுத் தடவிப்பார்த்த பின்பே அணிவிக்க வேண்டும்.

தைப்பூசக் காவடி நம் தீவில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் கடும் வெயிலில் வருகிறது. தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடக்கும்போது, உணர்ச்சியற்ற பாதத்தில் கொப்புளம் எழுவது வீடு திரும்பும்வரை தெரியாது. தீமிதியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நேர்த்திக்கடனை மகனோ மகளோ சுமந்து நடக்க, அவர் சக்கர நாற்காலியில் கோயிலுக்கு வந்து அமர்ந்து வணங்கலாம். முருகன் அதனால் குறைபட்டுக்கொள்ளப் போவதில்லை. விரதம் இருப்பதாக இருந்தால் மருந்தின் அளவை மருத்துவரிடம் முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும்.

வீட்டைப் பொறுத்தவரை முதலில் வாசற்படியைக் கவனியுங்கள். சாய்தளம், ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற கணக்கில் அமைய வேண்டும். 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் வேண்டும். கால் இல்லாததால் உடலின் எடை பின்னே சாய்கிறது, ஆகவே சக்கர நாற்காலியின் பின்சக்கரத்தைச் சற்றுப் பின்னே தள்ளிப் பொருத்தவோ கவிழாமல் தடுக்கும் சிறுசக்கரம் மாட்டவோ சொல்லுங்கள்.

செயற்கைக்கால் வந்தபின் முதலில் சில நிமிடங்கள் மட்டும் அணிந்து, கழற்றித் தோலைப் பார்த்து, படிப்படியாக நேரத்தைக் கூட்ட வேண்டும். பத்து நிமிடங்களில் மறையாத சிவப்பு, பொருத்தம் சரியில்லை என்பதைக் காட்டும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக்கால் முதலில். கோர் தெ கார்ட் மலைச்சரிவுக் கோயிலின் படிகளை ஏறுவதே சிலருக்கு இலக்காக இருக்கும். இதயம் இடங்கொடாதவருக்குக் கட்டிலிலிருந்து கழிப்பறைவரை தானே செல்வதும் முழுமையான இலக்குத்தான்.

அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். குறைந்தது 60 விழுக்காடு இயலாமை, குறைந்தது 12 மாதங்களுக்கு நீடிக்கும் என்று மருத்துவக் குழு சான்றளித்தால் ஊனமுற்றோருக்கான ஓய்வூதியம் கிடைக்கும். வயது வரம்பையும் வேண்டிய ஆவணங்களையும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டறியலாம். காயத்திலிருந்து நாற்றமோ சீழோ வந்தாலும், மிஞ்சிய பாதம் திடீரென்று சிவந்து வீங்கிச் சூடானாலும், விரல் நீலமாகவோ கருமையாகவோ மாறினாலும், வலியில்லையே என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.